நிழலில் காய்ந்த மண்ணும் மூன்று டீ வடிகட்டிகளும்

1

பெரம்பலூர் மாவட்டத்தில் மொத்தம் ஐந்தரை லட்சத்துச் சொச்சம் ஜனம் என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். அதைவிட ஒன்று கூடுதலான உயிர்களை, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரே ஒரு தேக்கரண்டித் தண்ணீரில், டம்ளரில் இருந்த காபி ஆறுவதற்குள் சாவிலிருந்து எழுப்பியவன் நான்.

நம்பவில்லையா? நல்லது. நம்பாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நம்புகிறவர்களிடம் வாயால் சொன்னாலே போதும், எதற்குப் பேப்பரும் மையும்?

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து. இன்னும் சரியாகச் சொன்னால், தொட்டிக்கு நான்கு விரற்கடை மேலே சாய்ந்துகொண்டிருந்த ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து. பாட்டிலுக்குள் ஹார்லிக்ஸ் இல்லை, மண். சாய்த்துக்கொண்டிருந்தவர் லீலாவதி. பிடுங்க ஓடியவர் அவர் கணவர் இளையபெருமாள். மண் பரிசோதனை நிலையம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர் நிலையம் என்று கேட்காதீர்கள். அங்கே நடந்த ஒரு தப்பைச் சொல்லப்போகிறேன். பென்ஷன் வாங்குகிற ஆள்.

இளையபெருமாள் நான்தான். 'நான்' என்று எழுதினால் புளுகு என்பார்கள். 'அவர்' என்று எழுதினால் கதை என்பார்கள். மரியாதையும் கூடுதல். ஆகவே இனிமேல் அவர்.

இன்னொரு விஷயம். இந்தக் கதையில் எதிர்வீட்டு அமலோற்பவமேரி டீச்சர் வருகிறார். விலங்கியல் டீச்சர், அவரும் ஓய்வு. அனுமதி கேட்கப் போனபோது சொன்னார்: "எழுதுறதுன்னா எழுதுங்க சார். ஆனா எழுதின தாளு எங்கிட்ட வரணும். நான் ஓரத்துல பென்சில்ல எழுதுவேன். அத அழிக்கக் கூடாது. சம்மதமா?" சம்மதித்தேன். சம்மதித்தது தப்பு என்று முதல் பத்தியிலேயே தெரிந்துபோனது.

[ஐந்தரை லட்சம் பொய். செவ்வாய்க்கிழமை பொய். எழுப்பியது நீங்கள் என்பது பெரிய பொய். காபி ஆறியது மட்டும் உண்மை. — அ. மேரி]

2

முதல் தொடக்கம்: "சித்திரை வெயில் அந்தக் கரிசல் வெடிப்புகளுக்குள் இறங்கி, பூமியின் தாகத்தைத் தடவிப் பார்த்து" — வேண்டாம். தாகத்தை யார் தடவிப் பார்த்தது? அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்று மெல்லிசாக அடித்திருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: "ஒரு கைப்பிடி வயல் மண்ணில் நூற்புழுக்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன." இது பரவாயில்லை. பாடப்புத்தக வாடை அடிக்கிறது, ஆனால் கதைக்கு இது வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நாலே வரி.

நூற்புழு தலைமயிரைவிட மெல்லிசு, நிறம் கிடையாது. மண்துகளைச் சுற்றி இருக்கும் ஈரப் படலத்தில்தான் அது நீந்தும், தின்னும், குட்டி போடும். ஈரம் மெதுவாகக் குறைந்தால் அதற்குச் சேதி போய்விடுகிறது. கடிகார ஸ்பிரிங் மாதிரித் தன்னைச் சுருட்டிக்கொண்டு, உடம்பிலுள்ள தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு, மூச்சில்லாமல் பசியில்லாமல் கிடக்கிறது. பிறகு ஈரம் வந்தால் எழுந்துகொள்ளும். ஆனால் ஈரம் படாரென்று பறிபோனால் சுருள நேரம் கிடைப்பதில்லை. நீட்டிய வாக்கில் போய்ச் சேர்ந்துவிடும். பாலைவன மண்ணில் சுருண்டு தூங்குவதுதான் நடைமுறையாம். சித்திரையில் அரியலூர்ப் பக்கத்துக்கும் பாலைவனத்துக்கும் ஒட்டகம் ஒன்றுதான் குறைச்சல், ஆகவே இங்கேயும் அதுதான் நடைமுறை.

[குட்டி போடாது. பெரும்பாலும் முட்டை. மற்றபடி சரி. நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள்.]

மெதுவாகக் காய்ந்தால் தூக்கம், வேகமாகக் காய்ந்தால் சாவு. இந்த ஒன்றை மட்டும் முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். வேட்டி கட்டியவர்கள் மடியில்.

மூன்றாம் தொடக்கம்: பாட்டிலை எடுத்துக்கொண்டு இளையபெருமாள் தெருவைக் கடந்தார்.

ஆம், இதுதான்.

3

பாட்டிலை எடுத்துக்கொண்டு இளையபெருமாள் தெருவைக் கடந்தார். பெரம்பலூரில் துறைமங்கலம் பக்கம் உள்ள தெரு, பன்னிரண்டு அடி அகலம். கடக்கிற நேரத்துக்குள் ஒரு நல்ல முதல் வாக்கியம் தயார் செய்துவிடலாம் என்று நினைத்தார். முடியவில்லை. டீச்சர் ஏற்கெனவே கேட்டுக்கு வந்திருந்தார்.

"என்ன இது?"

"மண்ணு, டீச்சர்."

"மண்ணுன்னு தெரியுது. அத எதுக்கு சாமி தூக்கற மாதிரி தூக்கிட்டு வரீங்க?"

"உங்க வயலு. உங்க தம்பி மிக்கேல் எடுத்து வெச்சது. அக்கா கேட்டா குடுங்கன்னு எங்கிட்ட குடுத்தான்."

டீச்சர் பாட்டிலைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார். பரீட்சை ஹாலில் முப்பது வருடம் நடந்த பார்வை அது.

"நான் கேக்கலியே."

"கேக்கல. அதனாலதான் இருவது வருஷமா குடுக்கல."

"இப்ப மட்டும் கேட்டனா?"

"இப்ப லீலாவதி கொட்டப் பாத்தா."

எதிர்ப்பக்கத்திலிருந்து லீலாவதியின் குரல் வந்தது: "நான் என்னத்தக் கண்டேன் டீச்சர்! அடுத்தவங்க லாஃப்ட்டுல பித்தள அண்டா வெப்பாங்க. இவரு மண்ணா வெச்சிருக்காரு!"

டீச்சர் பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்தார். வாய்விட்டே படித்தார். "'திருமதி அமலோற்பவமேரி அவர்களின் பூர்விக வயல் மண். 2004. தமிழ்நாட்டிலேயே ஒரே பாட்டில்.'" கண்ணாடியை இறக்கினார். "இது உங்க கையெழுத்து."

"மிக்கேல் ஒட்டின சீட்ட பூச்சி தின்னுடுச்சு டீச்சர். ரிட்டயர் ஆகறப்ப நான் புதுசா எழுதினேன்."

"வசதியான பூச்சி."

"சத்தியமா டீச்சர்."

"எதுத்தாப்ல அஞ்சு வருஷமா இருக்கீங்க. தெனம் பேப்பர் வாங்கிட்டுப் போறீங்க. ஒரு நாளாவது சொன்னீங்களா?"

"மறந்துட்டேன்."

அதுவும் உண்மைதான். அதுதான் எல்லாவற்றையும்விடப் பொய்யாகக் கேட்டது.

(இளையபெருமாள் பேரில் தெருவுக்கு இருந்த மதிப்பையும் சொல்லிவிடுகிறேன். சாத்தனூர் கல்மரம் பார்த்திருப்பீர்கள். பல கோடி வருடத்துக்கு முன்னே கல்லாய்ப்போன அடிமரம், வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு ஐப்பசியில் தளிர் விட்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர் இவர்தான். எத்தனை இலை என்று டீச்சர் கேட்டதற்கு, யோசிக்காமல் "மூணு" என்றவர்.)

4

இப்போது மிக்கேல். டீச்சரின் தம்பி, இளையபெருமாளோடு ஒரே நிலையத்தில் வேலை பார்த்தவன், 2011இல் மாரடைப்பில் போனவன். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ரொம்ப நல்லவனாக வந்துகொண்டிருக்கிறான்.

மண் மாதிரி எடுப்பதற்கு முறை இருக்கிறது. வயலில் பத்து இடத்தில் மண்வெட்டியால் சரிவாகக் குழி வெட்டி, குழியின் சுவரிலிருந்து ஒரே கனத்துக்கு மண்ணைச் செதுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளி, மிச்சத்தை மறுபடி நாலாக்கி, அரைக்கிலோ நிற்கும்வரை இப்படியே. பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். நிழலில். சுவரில் போர்டே மாட்டியிருந்தது.

அந்தப் போர்டைப் படித்துவிட்டு எல்லோரும் மண்ணை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். மாதத்துக்கு இத்தனை மாதிரி முடிக்க வேண்டும் என்று இலக்கு. நிழலில் மூன்று வாரம் பிடிக்கும், கத்திரி வெயிலில் சிமெண்டுத் தரையில் அரை நாள். இளையபெருமாள் முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு மாதிரியைக்கூட நிழலில் உலர்த்தவில்லை. இதுதான் நான் சொல்ல வந்த தப்பு.

ஒருவன் மட்டும் மாடி ஏறவில்லை. ரெக்கார்டு ரூமில், பீரோக்களுக்கு நடுவே பழைய செய்தித்தாளை விரித்து, மண்ணைப் பரப்பி, தினம் ஒரு தரம் மரக்கரண்டியால் கிளறிவிட்டு, இருபத்தோரு நாள் காத்திருப்பான். "மிக்கேலு மண்ணத் தாலாட்டித் தூங்க வெக்கிறான்யா" என்று ஆபீசே சிரிக்கும். ஒரு நாள் இளையபெருமாள் கேட்டார், ஏன்டா இந்தப் பாடு என்று. மிக்கேல் சொன்னான்: "வெயில்ல போட்டா உள்ள இருக்கறதுக்கு மூச்சு முட்டும்ணே."

இந்த இடத்தில் உங்களுக்குக் கண் கலங்கினால் தயவுசெய்து துடைத்துக்கொள்ளுங்கள். அந்த வசனத்தை நான்தான் எழுதினேன். அவன் அப்படிச் சொன்னானா என்று எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தால் நன்றாக

[சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கு ஒற்றைத் தலைவலி. வெயிலில் ஐந்து நிமிடம் நின்றால் வாந்தி எடுப்பான். கல்யாணத்தன்றுகூடக் குடை பிடித்துக்கொண்டுதான் கோவிலுக்குள் வந்தான். அவனைப் புனிதராக்க வேண்டாம்.]

பார்த்தீர்களா? என் மிக்கேலைவிட டீச்சரின் மிக்கேல் எவ்வளவு உறுதியாக நிற்கிறான்! நான் எழுதியவன் காற்றில் பறக்கிறான். இவன் குடையோடு நிற்கிறான். வசனத்தை வாபஸ் வாங்குகிறேன். குடை இருக்கட்டும்.

5

டீச்சருக்கு இதில் என்ன போகிறது, என்ன வருகிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்து விளையாட எனக்குத் தெரியாது. (தெரியும். டீச்சர் பென்சில் சீவும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.)

வயல் அரியலூருக்குக் கிழக்கே இருந்தது. இருந்தது என்றால், வயல் இருந்த இடம் இப்போது அந்தரத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கம். கோவில் கோபுரத்தைத் தலைகீழாக இறக்கினாலும் கலசம் தரையைத் தொடாது. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் நிலத்தைக் கொடுத்தபோது, 2004இல், மிக்கேலும் கையெழுத்துப் போட்டான். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவும் அதன்பிறகு அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு வருடம். எட்டாவது வருடம் பெட்டிக்குள் கிடந்த தம்பியைப் பார்க்கப் போனார்.

அவன் அந்த வயலிலிருந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அக்காவுக்காக அரைக்கிலோ மண் எடுத்து வைத்திருந்தானா? அல்லது லாஃப்ட்டில் கிடந்த ஏதோ ஒரு மண்ணை அள்ளிப் போட்டு, லேபிள் ஒட்டி, கல்மரத்தில் தளிர் பார்த்த மனுஷன் ஆறுதல் சொல்ல வந்திருக்கிறானா?

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். வரதராஜன்பேட்டையில் தம்பியின் கல்லறைக்கு டீச்சர் வருடம் தவறாமல் போவார். நிஜமென்றால் அந்த மண்ணைக் கொண்டுபோய் அவன் தலைமாட்டில் போட வேண்டும். பொய்யென்றால், எவன் வீட்டு வயல் மண்ணையோ தம்பி மேல் கொட்டியவளாக ஆகிவிடக் கூடாது. அப்போது அக்டோபர் நடுவாந்தரம்.

இதில் இளையபெருமாளின் நிலைமை என்ன? அறுபத்தைந்து வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒப்பனை இல்லாத ஓர் உண்மையைக் கையில் வைத்திருந்தார். அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

6

நான்கு நாள் டீச்சர் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை பேப்பர் வாங்கப் போனவரைக் கேட்டிலேயே நிறுத்தினார்.

"அவன் எங்க காயவெச்சான்?"

"ரெக்கார்டு ரூம்ல. நெழல்ல."

"எத்தன நாளு?"

"இருவத்தோரு நாளு டீச்சர்."

"நீங்க?"

இங்கே அவர் ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "மொட்ட மாடில," என்றார்.

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்."

"உங்க லாஃப்ட்டுல இருக்கற ஆபீஸ் மண்ணு பூரா நீங்க காயவெச்சது?"

"இந்த ஒரு பாட்டிலத் தவிர."

டீச்சர் கேட்டின் மேல் விரலால் தாளம் போட்டார். "அப்ப சாட்சி இருக்கு."

"யாரு?"

"உள்ளயே இருக்கு. கேட்டாச் சொல்லும்."

நூற்புழுவைப் பற்றி இளையபெருமாள் தெரிந்துகொண்டது அந்த நிமிடத்தில்தான். முப்பத்திரண்டு வருடம் மண்ணோடு குடித்தனம் நடத்தியவருக்கு, மண்ணுக்குள் இன்னொரு குடித்தனம் நடந்தது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. மொட்டைமாடியில் எத்தனை கோடியை நீட்டிய வாக்கில் போட்டிருப்போம் என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். பெருக்கலில் அவருக்கு எப்போதுமே ஆசை. அன்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பொய்யைப் பிடிக்க டீச்சர் போட்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

பள்ளியில் ஓய்வு பெறும்போது மோதிரம் போடட்டுமா என்று கேட்டதற்கு, லேபில் சும்மா கிடந்த மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கியவர் அவர். அது மேசைக்கு வந்தது. மூன்று கிண்ணங்கள். மூன்று டீ வடிகட்டிகள். ஒவ்வொரு வடிகட்டியிலும் ஒரு துண்டு மல் துணி. துணி மேல் மண்ணை வைத்து, வடிகட்டியின் அடி தண்ணீரைத் தொடும்படி கிண்ணத்தில் வைத்துவிட வேண்டும். உயிர் உள்ளது நெளிந்து நெளிந்து துணியைத் தாண்டி அடிக்கு இறங்கும். செத்தது மண்ணோடு மேலேயே கிடக்கும்.

ஒரு கிண்ணத்துக்குப் பாட்டில் மண். ஒன்றுக்கு இளையபெருமாளின் லாஃப்ட் மண். ஒன்றுக்கு மண்ணே இல்லை, வெறும் துணி. தண்ணீரில் ஏதும் இல்லை என்பதற்கு. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்ததும் டீச்சர்தான். கிண்ணங்களின் அடியில் மத்தேயு, மாற்கு, லூக்கா என்று சீட்டு ஒட்டினார். எதில் எது என்பதைத் துண்டுச்சீட்டில் எழுதி, ஜெபமாலைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

"யோவான் எங்க டீச்சர்?"

"நான்தான். தள்ளி நில்லுங்க. கைய முழங்கை வரைக்கும் கழுவினீங்களா?"

"ரெண்டு தரம்."

"வாய மூடிக்கிட்டு நில்லுங்க. எச்சி தெறிச்சா அதுல வேற ஏதாவது நீந்தும்."

மூன்று வடிகட்டி வாங்கிவந்ததைப் பார்த்து லீலாவதி கேட்டது தனிக் கதை. ("ஒரு தம்ளர் டீ போடத் துப்பில்ல. மூணு வடிகட்டி!")

உடனே தண்ணீரில் வைத்துவிடலாம் என்றார் இளையபெருமாள். டீச்சர் விடவில்லை. இருபது வருடம் காய்ந்து கிடந்ததன் மேல் திடீரென்று தண்ணீரை ஊற்றினால் அதிலேயே வெடித்துச் செத்துப்போகும். முதலில் ஈரக் காற்று, அப்புறம்தான் தண்ணீர். இரண்டு மண்ணிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து, பச்சைப்பயறு முளைகட்டுவதுபோல, ஈரத்துணி சுற்றிய பாத்திரத்துக்குள் மூன்று நாள் மூடிவைத்தார். வெளியே ஐப்பசித் தூறல் ஆரம்பித்திருந்தது. தூறல் விழுந்த வாசத்தைக்கூட டீச்சர் சந்தேகப்பட்டு ஜன்னலைச் சாத்தினார்.

நான்காம் நாள் மண் வடிகட்டிக்குப் போனது. கிண்ணங்கள் மூன்றும் டீச்சரின் பீரோவுக்குள் போயின. சாவி அவர் இடுப்புக்குப் போனது.

"இருவத்துநாலு மணி நேரம்," என்றார். "அதுக்குள்ள இந்த வூட்டுப் பக்கம் உங்க நெழலு விழக் கூடாது."

7

மறுநாள், வியாழக்கிழமை. (சரி டீச்சர், வியாழன்.)

டீச்சர் காபி கொடுத்தார். யாரும் குடிக்கவில்லை. வடிகட்டிகளை எடுத்துவிட்டு, முதலில் மத்தேயுவின் அடித்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அரை மணி நேரம்.

"ஒண்ணுமில்ல."

மாற்கு. இன்னும் அரை மணி நேரம். இளையபெருமாள் சுவரிலிருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தனக்குச் சம்பந்தமில்லாத சாமி என்றாலும், அப்போதைக்கு அறையில் இருந்த ஒரே சாமி.

"ஒண்ணுமில்ல."

லூக்கா. டீச்சர் குனிந்தார். நிமிரவில்லை. திருகைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். வெளியே அரியலூர் பஸ் ஹாரன் அடித்துப் போனது. அவர் முதுகைப் பார்த்து ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா என்று இளையபெருமாள் பார்த்தார். முதுகும் டீச்சர்தான், ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அவர் எழுந்து நாற்காலியை விட்டார். "பாருங்க."

இளையபெருமாள் பார்த்தார். முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு வெளிச்சம். வெளிச்சத்தின் நடுவே, கண்ணாடியில் செய்ததுபோல ஒரு இழை. அது கிடந்தது. பிறகு ஒரு முனை தூக்கியது. வளைந்தது. மறுபக்கம் வளைந்தது. தூக்கக் கலக்கத்தில் போர்வையைத் தேடுகிற மாதிரி இருந்தது.

இங்கேதான் நான் எத்தனையோ எழுதலாம். கூட்டம் கூட்டமாக என்று எழுதலாம். கிண்ணமே கொதித்தது என்று எழுதலாம். கை துறுதுறுக்கிறது. ஆனால் அந்த மத்தியானம் சொட்டுச் சொட்டாக இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்து எண்ணியதில் மொத்தம் ஏழு. ஏழே ஏழு. முப்பத்திரண்டு வருட வேலையிலும் நாற்பது வருடப் புளுகிலும் இளையபெருமாள் இவ்வளவு சின்ன எண்ணைச் சொன்னதில்லை.

டீச்சர் ஜெபமாலைப் பெட்டியைத் திறந்தார். சீட்டை அவரே படிக்காமல் நீட்டினார்.

மத்தேயு: வெறும் தண்ணீர். மாற்கு: சார் மண். லூக்கா: பாட்டில்.

"அப்ப நம்பறீங்களா டீச்சர்?"

"யோசிக்கணும்," என்றார் டீச்சர். "காபி ஆறிடுச்சு. வூட்டுக்குப் போங்க."

8

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

முதல் முடிவு: மூன்று கிண்ணத்திலும் ஒன்றும் இல்லை. டீச்சர் பாட்டிலைத் திருப்பித் தருகிறார். லீலாவதியின் கறிவேப்பிலை அமோகமாக வளர்கிறது. இது நடந்திருக்கலாம். இருபது வருடம் சின்னக் காலம் இல்லை. நடந்திருந்தால் இளையபெருமாள் சொன்னது உண்மையாகவே இருந்தும் பொய்யாகியிருக்கும். அந்த மனுஷனுக்கு அது தகும்தான், மிக்கேலுக்குத் தகாது.

இரண்டாம் முடிவு: ஐந்தரை லட்சம், ஒன்று கூடுதல். செட்டிகுளம் முதல் லப்பைக்குடிக்காடு வரை ஜனம் திரண்டு வருகிறது, தெருவில் பந்தல், டீ வடிகட்டிக்கு மாவட்டம் முழுக்கத் தட்டுப்பாடு. கடைத்தெருவில் நான் சொல்லிவருவது இதைத்தான். போன வாரம் பாடாலூரில் ஒருவர் தன் மச்சானும் அந்தக் கூட்டத்தில் நின்றதாக என்னிடமே சொன்னார்.

மூன்றாம் முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியாததால். நவம்பர் இரண்டாம் தேதி விடியலில் டீச்சர் ஜெயங்கொண்டம் வழியாக வரதராஜன்பேட்டை போக அரியலூர் பஸ் ஏறினார். கையில் மெழுகுவர்த்திக் கட்டும் ஒரு மஞ்சள் பையும். பைக்குள் மண் இருந்ததா? தூக்கி நடந்த விதத்தில் தெரியவில்லை. சாயங்காலம் திரும்பினார். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. பாட்டில் இன்னும் அவர் ஜன்னலில் இருக்கிறது, என் வீட்டு வாசலிலிருந்து தினம் பார்க்கிறேன். மண் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க முடியவில்லை. நான் ஒட்டிய லேபிள் அவ்வளவு பெரிது.

சந்தேகங்கள் இருக்கின்றன. நிழலில் காய்ந்தது என்பது ருசுவானது. மிக்கேல் கை என்பதும் ஆனது. அந்த வயல்தான், அக்காவுக்காகத்தான் என்பதற்கு ஏழு புழுவும் வாய் திறக்கவில்லை. புழு ஈரத்துக்குத்தான் பதில் சொல்லும். நம் குடும்பச் சண்டைக்குச் சொல்லாது.

ஆகவே முடிவை உங்களிடமே தருகிறேன். மெதுவாக வைத்துப் பாருங்கள், அவசரப்பட்டு வெயிலில் போட்டுவிடாதீர்கள். தாள் முழுவதையும் இன்று காலை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்து ஓரத்தில் இடம் போதாமல், பின்புறம் திருப்பி எழுதியிருக்கிறார். அழிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

[இன்று காலை கொடுத்தது இரண்டு நாள் கழித்து எப்படித் திரும்பி வந்ததாக இப்போதே எழுதினீர்கள்? போகட்டும்.

ஏழு அல்ல, எட்டு. லூக்கா கிண்ணத்தைக் கொட்டாமல் வைத்திருந்தேன். மறுநாள் காலை இன்னொன்று இறங்கியிருந்தது. உங்களிடம் சொன்னால் எண்பது லட்சம் ஆக்குவீர்கள் என்று சொல்லவில்லை.

ஆபீஸ் மண்ணை அவன் ஆபீசில் கொடுத்துவிடுவான். கொடுக்காமல் இருபத்தோரு நாள் கிளறி ஒரு பாட்டிலை மட்டும் ஒளித்து வைத்திருந்தால், அது வேறு யார் வயலாகவும் இருக்க முடியாது. கேட்காமல் கொடுத்தால் நான் அவன் தலையில் கொட்டியிருப்பேன் என்பதும் அவனுக்குத் தெரியும். அதைத்தான் நவம்பர் இரண்டாம் தேதி செய்தேன். பாட்டிலில் பாதி இருக்கிறது. லேபிளை உரித்துவிட்டுப் பாருங்கள், வேறு எழுதித் தாருங்கள், சின்னதாக.

கல்மரம் தளிர்த்ததை நான் நம்பவில்லை. இது நடந்தது. — அ. மேரி]